மோன்ராஷே முதல் கள்ளக்குறிச்சி வரை

பிரான்ஸின் பர்கண்டி வட்டாரத்தில் மோன்ராஷே என்று ஒரு திராட்சைத் தோட்டம் இருக்கிறது. பரப்பு 8 ஹெக்டேர், நம் கணக்கில் 20 ஏக்கர். கள்ளக்குறிச்சிப் பக்கம் பங்காளிகள் நாலு பேர் தங்கள் கரும்புக் கொல்லைகளைச் சேர்த்தாலே அந்த அளவு வந்துவிடும். இந்த 20 ஏக்கருக்கு அங்கே பதினைந்துக்கும் மேற்பட்ட உரிமையாளர்கள். விளைவது ஷார்டொனே என்ற ஒரே ரக வெள்ளைத் திராட்சை. அதிலிருந்து வரும் ஒயின் ஒரு புட்டி பல பத்தாயிரம் ரூபாயில் தொடங்கி லட்சங்களைத் தாண்டும். ஒரு வண்டிப்பாதையைக் கடந்து கீழே இறங்கினால் அதே ரகம், அதே வெயில், அதே மழை. ஆனால் வேறு வயல், வேறு பெயர், கணிசமாகக் குறைந்த விலை.

விளைந்த வயலின் பெயரைச் சரக்கின் மேல் எழுதி, அந்தப் பெயரைச் சுற்றி வேலி போடும் வழக்கம் எங்கிருந்து வந்தது? அது எகிப்தியக் கல்லறை ஒன்றிலிருந்து கிளம்பி, கிரேக்கத் தீவு, ரோம், பர்கண்டி, ஜெனீவா என்று சுற்றி, கிண்டியில் ஓர் அரசு அலுவலகத்தில் இறங்கி, அங்கிருந்து கள்ளக்குறிச்சித் தச்சுப் பட்டறைவரை வந்திருக்கிறது. வழி நெடுக அதைப் பின்னாலிருந்து தள்ளிவிட்டவர்கள் பெரும்பாலும் போலிச் சரக்கு விற்றவர்கள்.

1922இல் ஹோவர்ட் கார்ட்டர் துட்டன்காமன் கல்லறையைத் திறந்தபோது தங்கத்தோடு ஒயின் ஜாடிகளும் கிடைத்தன. ஜாடிகள் மேல் மையால் எழுதியிருந்தார்கள்: ஆட்சியின் எத்தனையாவது ஆண்டு, எந்தத் தோட்டம், தலைமை ஒயின்காரர் யார். இன்றைய பிரெஞ்சுப் புட்டியில் ஒட்டியிருக்கும் தாளில் இருக்கும் விவரங்களும் ஏறக்குறைய இவைதான். இடையில் ஓடியது 3,300 ஆண்டுகள். 2006இல் அந்த ஜாடிகளின் கசடை ஆராய்ந்தவர்கள், அவற்றில் சிலவற்றில் இருந்தது வெள்ளை ஒயின் என்று கண்டார்கள். பதின்பருவம் தாண்டியும் தாண்டாமலும் இறந்துபோன ராஜாவுக்குத் தோட்டத்தின் பெயர் போட்ட வெள்ளை ஒயின்!

அடுத்த நிறுத்தம் கிரேக்கத்தின் காஸ் தீவு. அங்கத்திய வெள்ளை ஒயினில் கடல்நீரைக் கலப்பார்கள். இந்தப் பழக்கம் எப்படி வந்தது என்று ரோமானிய எழுத்தாளர் பிளினி ஒரு கதை சொல்கிறார்: அளவு குறைந்துவிட்டதை மறைக்க ஓர் அடிமை திருட்டுத்தனமாகக் கடல்நீரை ஊற்றி நிரப்பினானாம். குடித்தவர்களுக்கு அது பிடித்துப்போய்விட்டது. பால்காரர் தண்ணீர் ஊற்றியதைக் கண்டுபிடித்து ஊரே கைதட்டியது போல. கலப்படமே அந்தத் தீவின் முத்திரையானது. பேர் வாங்கியதும் நகலெடுக்க ஆள் வந்தார்கள். கி.மு. 2ஆம் நூற்றாண்டில் கேட்டோ என்ற ரோமானியப் பெரியவர், ஒழுக்கத்துக்குப் பேர்போனவர், வேளாண்மை பற்றி எழுதிய நூலில் இத்தாலியத் திராட்சையிலிருந்து காஸ் ஒயின் செய்வதற்குச் செய்முறையே கொடுத்திருக்கிறார். கடல்நீரை எப்போது எடுக்க வேண்டும், எவ்வளவு நாள் வைக்க வேண்டும் என்பதுவரை அதில் உண்டு. ஒயினை மட்டுமா, ஜாடியையும் நகலெடுத்தார்கள். காஸ் தீவின் இரட்டைக் கைப்பிடி ஜாடி இத்தாலியில் அச்சு அசலாக வனையப்பட்டது.

அந்த ஜாடிகளில் சில நம் கரைக்கு வந்தன. கள்ளக்குறிச்சியிலிருந்து கிழக்கே நூறு கிலோமீட்டர் சொச்சம் போனால் புதுச்சேரி. அதை ஒட்டி அரிக்கமேடு. 1945இல் மார்ட்டிமர் வீலர் அங்கே தோண்டியபோது மத்தியதரைக் கடல் ஜாடிகளின் ஓடுகள் குவியலாக வந்தன. பிற்பாடு ஆராய்ந்தவர்கள் அவற்றில் காஸ் தீவின் அசலையும் பிற இடங்களின் நகலையும் அடையாளம் கண்டார்கள். ஆக, நம் கடற்கரைக்கு வெளிநாட்டுச் சரக்கு வந்த காலத்திலேயே டூப்ளிகேட்டும் கூடவே வந்து இறங்கிவிட்டது. யவனர் கொண்டுவந்த மணமுள்ள தேறலைப் பற்றி, பாண்டியனை வாழ்த்தும் புறநானூற்றுப் பாடலில் நக்கீரர் சொல்லியிருக்கிறார். பாண்டியன் கோப்பையில் இருந்தது அசல் காஸா, கேட்டோவின் செய்முறையா என்று கேட்கப் புலவருக்கு அவசியம் இருந்திருக்காது.

ரோமானியர் இன்னொரு காரியமும் செய்தார்கள். ஃபலெர்னிய ஒயின் என்பது அவர்களுடைய உச்சம். ஒரே மலைச்சரிவில் உச்சியில் விளைவதற்கு ஒரு பெயர், அடியில் விளைவதற்கு ஒரு பெயர், நடுச்சரிவில் விளைவதற்கு ஃபாஸ்டியன் என்று தனிப் பெயர் வைத்துப் பிரித்தார்கள். மலை ஒன்று, பெயர் மூன்று. பர்கண்டிக்காரர்கள் பல நூற்றாண்டுகள் கழித்துச் செய்ததும் இதைத்தான். அங்கேயும் பெரும் பெயர்கள் நடுச்சரிவுக்கே போயின. மேலே மண் மெலிசு, கீழே நீர் தேங்கும். நடுவில்தான் வேருக்கு வடிகாலும் கிடைக்கும், பிடிமானமும் கிடைக்கும்.

பர்கண்டியில் இந்தப் பிரிவினையை நுணுக்கமாக்கியவர்கள் துறவிகள். 1098இல் நிறுவப்பட்ட சீத்தோ மடத்தின் சிஸ்டர்சியன் துறவிகளுக்கு நிலம் இருந்தது, உழைக்க ஆள் இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக அவசரம் இல்லை. ஒரு தலைமுறை கவனித்ததை அடுத்த தலைமுறை ஏட்டில் படிக்கலாம். எந்தத் துண்டு முதலில் காய்க்கிறது, எந்தத் துண்டில் பனி தங்குகிறது என்று பார்த்துப் பார்த்துச் சுவர் எழுப்பினார்கள். மண்ணை நாக்கில் வைத்துச் சுவைத்தார்கள் என்ற கதையும் உண்டு. அது சுற்றுலா வழிகாட்டிகளின் கைச்சரக்கு. இன்று பர்கண்டியில் பெயரும் எல்லையும் குறித்த இப்படிப்பட்ட துண்டுகள் 1,247. 2015இல் யுனெஸ்கோ அவற்றை உலக மரபுச் சின்னமாக அறிவித்தது.

இந்த வயல்களின் இடையே 1787 மார்ச்சில் ஓர் அமெரிக்கர் குறிப்பேட்டோடு சுற்றினார். தாமஸ் ஜெஃபர்சன், அப்போது பிரான்ஸில் அமெரிக்கத் தூதர். ஒயினை மட்டும் அல்லாமல் கூலியாட்கள் என்ன தின்கிறார்கள் என்பதையும் பார்த்தார். செவ்வொயின் விளையும் பொம்மார், வொல்னே ஊர்களில் நல்ல கோதுமை ரொட்டி. பக்கத்து ஊரான மெர்சோவில் ரை ரொட்டி. காரணம் கேட்டபோது, வெள்ளை ஒயின் அடிக்கடி தரம் கெட்டுத் தேங்கிவிடுகிறது, அதனால் முதலாளிக்குக் கட்டுப்படியாகவில்லை என்றார்களாம். அந்த வெள்ளைக் கூட்டத்தில் செவ்வொயினுக்கு நிகராக விலைபோனது மோன்ராஷே ஒன்றுதான். ஒரு வயலின் பெயருக்கு இருக்கும் கனத்தை ரொட்டியை வைத்து எடைபோட்டவர் எனக்குத் தெரிந்து அவர் ஒருவரே.

அதே நூற்றாண்டில் பிரெஞ்சுக்காரர்கள் நம் பக்கமும் இருந்தார்கள். கள்ளக்குறிச்சிக்குப் பக்கத்திலிருக்கும் தியாகதுருகம் மலைக்கோட்டை கர்நாடகப் போர்களில் அவர்கள் கையில் இருந்தது. 1761 ஜனவரியில் புதுச்சேரி வீழ்ந்தது. கொஞ்ச நாளில் தியாகதுருகமும் ஆங்கிலேயரிடம் போனது. கோட்டை போனாலும் பாதிரிமார் தங்கினார்கள். கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சையை 1832இல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார்தான் கொண்டுவந்தார் என்பது அங்கத்திய வரலாறு. ஆனால் ஒரு சிக்கல்: பன்னீர் திராட்சை என்பது மஸ்கட் ஹாம்பர்க் ரகம், அது இங்கிலாந்தில் கண்ணாடிக் குடில் ஒன்றில் 19ஆம் நூற்றாண்டின் நடுவில் கலப்பினமாகப் பிறந்ததாகத் திராட்சை நூல்கள் சொல்கின்றன. பாதிரியார் கொண்டுவந்தது வேறு மஸ்கட்டாக இருந்து, பின்னால் வந்தது அதன் பெயரில் ஏறிக்கொண்டிருக்கலாம். திராட்சை உலகத்தில் இது புதிதல்ல.

பிரான்ஸிலேயே பாருங்கள். மோன்ராஷே வயல் புலிஞி, ஷசாஞ் என்ற இரண்டு ஊர்களின் எல்லையில் கிடக்கிறது. 1879இல் இரண்டு ஊர்களும் அரசிடம் அனுமதி வாங்கித் தங்கள் பெயரோடு வயலின் பெயரைச் சேர்த்துக்கொண்டன: புலிஞி-மோன்ராஷே, ஷசாஞ்-மோன்ராஷே. அந்த ஊர்களின் சாதாரண வயல்களில் விளைந்த ஒயினும் அன்றுமுதல் அந்தப் பெரிய பெயரைச் சுமந்து சந்தைக்குப் போனது. இது சட்டப்படி நடந்த திருட்டு. ஸ்ரீவில்லிபுத்தூர் பேருந்து நிலையத்தில் ‘ஒரிஜினல்’ பால்கோவா பலகைகளைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இதில் அதிர்ச்சி இருக்காது.

சட்டத்துக்குப் புறம்பான திருட்டு அதே காலத்தில் பேரலையாக வந்தது. 1860களில் அமெரிக்கக் கொடிகளோடு வந்த ஃபில்லாக்சரா என்ற பூச்சி பிரெஞ்சுத் திராட்சையின் வேரைத் தின்றது. தீர்வும் அமெரிக்காவிலிருந்தே கிடைத்தது: பூச்சியைத் தாங்கும் அமெரிக்க வேரில் பிரெஞ்சுக் கொடியை ஒட்டுக்கட்டுவது. இன்று மோன்ராஷே கொடிகளும் அமெரிக்க வேரில்தான் நிற்கின்றன. ஆனால் ஒட்டுக்கட்டி மீளும்வரை நாடு குடிக்காமல் இருக்குமா? கிரேக்கத்திலிருந்தும் துருக்கியிலிருந்தும் உலர்திராட்சையை இறக்கி, ஊறவைத்துப் புளிக்கவைத்து ஒயின் என்று விற்றார்கள். சர்க்கரைத் தண்ணீரும் கலந்தது. 1905இல் கலப்படத் தடைச் சட்டம் வந்தது. 1911இல் ஷாம்பேன் வட்டார விவசாயிகள், வெளியூர்த் திராட்சையை இறக்கி ஷாம்பேன் செய்த வியாபாரிகளின் கிடங்குகளை உடைத்துத் தீவைத்தார்கள். ஷாம்பேன் தெருவில் ஆறாக ஓடியது.

கடைசியில் முடிவு கட்டியவர்களில் ஒருவர் பாரோன் லெ ருவா. முதல் உலகப்போர் விமானி, வழக்கறிஞர், ஷாத்தோநெஃப்-டு-பாப் ஊரின் திராட்சைக்காரர். எந்த மண், எந்த ரகம், கொடியை எப்படி வெட்டுவது என்று தன் ஊருக்கு 1923இலேயே விதிகள் வகுத்தார். அந்த வழியில் 1935 ஜூலை 30 அன்று நாடு முழுமைக்கும் பெயர்க்காப்புச் சட்டம் வந்தது. (இந்த ஊர் சட்டம் போடுவதில் கெட்டிக்கார ஊர். பறக்கும் தட்டுகள் தன் எல்லையில் இறங்கக் கூடாது என்று 1954இல் மேயர் உத்தரவே போட்டார்.)

சட்டத்தின் கை பிரான்ஸ் எல்லையோடு நின்றது. கலிஃபோர்னியாவில் குடம் குடமாக ‘ஷாப்ளி’ விற்றார்கள். பிங்க் நிற ஷாப்ளிகூட வந்தது. அசல் ஷாப்ளி பர்கண்டியின் வடகோடியில் விளையும் வெள்ளை ஒயின். மோன்ராஷேக்கு உரிய அதே ஷார்டொனே திராட்சைதான், ஆனால் மண் வேறு, குளிர் வேறு. நல்ல ஷாப்ளியில் எலுமிச்சை, பச்சை ஆப்பிள், மழைபட்ட கல் போன்ற வாசனை. வாய் கூசும் புளிப்பு. முதிர்ந்த மோன்ராஷேயில் வெண்ணெய், பருப்பு, தேன்; கூடவே ஓக் மரப் பீப்பாயின் மெல்லிய நெடி. இரண்டையும் சில்லிட்டுப்போகும் அளவுக்குக் குளிரவைத்தால் மணம் முடங்கிவிடும். 12 டிகிரி வாக்கில், அகலமான கோப்பையில், அவசரமில்லாமல் முகர்ந்து குடிக்க வேண்டும் என்கிறார்கள்.

ஷாப்ளியின் மண்ணில் காற்புள்ளி வடிவச் சின்னச் சிப்பிகளின் புதைபடிவம் நிறைந்திருக்கும். 15 கோடி ஆண்டுக்கு முந்தைய கடலின் மிச்சம். ஒயினில் சிப்பி ருசி தெரிகிறது என்று ரசிகர்கள் சத்தியம் செய்வார்கள். கல்லின் ருசி வேர்வழி ஏறிப் பழத்துக்கு வராது என்று நிலவியலாளர்கள் மறுப்பார்கள். நான் நிலவியலாளர் கட்சி. கள்ளக்குறிச்சிக்குத் தெற்கே அரியலூரிலும் கடல் சிப்பிகள் புதைந்த சுண்ணாம்புப் பாறை கிடக்கிறது. அங்கே அது சிமெண்ட் ஆகிறது. எந்தச் சிமெண்டிலும் சிப்பி மணப்பதாக இதுவரை யாரும் சொல்லவில்லை.

பெயரும் நிறமும் நாக்கை எவ்வளவு தூரம் ஆட்டிவைக்கும் என்பதற்குச் சாட்சிகள் உண்டு. 2001இல் வெளியான போர்தோ ஆய்வில், வெள்ளை ஒயினில் மணமில்லாத சிவப்புச் சாயம் கலந்து 54 பேருக்குக் கொடுத்தார்கள். அவர்கள் செவ்வொயினுக்கு உரிய சொற்களால் அதை வர்ணித்தார்கள். அதற்கு முன்பே 1976 மே 24 அன்று பாரிஸில் பெயரை மறைத்து நடந்த சுவைப்போட்டியில், பிரெஞ்சு நடுவர்கள் தங்கள் பர்கண்டி வெள்ளை ஒயின்களைத் தாண்டிக் கலிஃபோர்னியாவின் ஷத்தோ மோண்டெலெனா 1973ஐ முதலிடத்தில் வைத்தார்கள். நகலெடுத்தவன் அசலை ஜெயித்த நாள் அது. அதனாலேயே பெயரின் வேலியைக் கெட்டிப்படுத்த வேண்டிய தேவை பிரான்ஸுக்குக் கூடியது.

1994இல் உலக வணிக அமைப்பின் அறிவுசார் சொத்துரிமை ஒப்பந்தம் கையெழுத்தானபோது ஐரோப்பியர் தங்கள் காரியத்தைச் சாதித்துக்கொண்டார்கள். ஊர்ப் பெயர் தாங்கிய எல்லாப் பொருள்களுக்கும் பாதுகாப்பு. ஒயினுக்கும் வடித்த மதுவுக்கும் மட்டும் 23ஆம் பிரிவில் கூடுதல் பாதுகாப்பு. அரிசி, தேயிலை, பட்டு எல்லாம் இரண்டாம் பந்தியில். இந்தியா அப்போது பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை. 1997இல் டெக்சாஸின் ரைஸ்டெக் நிறுவனம் பாஸ்மதி வகை அரிசிக்கு அமெரிக்கக் காப்புரிமை வாங்கியதும்தான் டில்லிக்கு வியர்த்தது. 1999இல் புவிசார் குறியீட்டுச் சட்டம் நிறைவேறியது. 2003 செப்டம்பர் 15 முதல் நடைமுறைக்கு வந்தது. பதிவகம் சென்னை கிண்டியில். முதல் பதிவு டார்ஜிலிங் தேயிலை. ஷாம்பேனும் கோன்யாக்கும் கடல் தாண்டி வந்து அதே பதிவேட்டில் இடம்பிடித்தன.

அந்தப் பதிவேட்டில் 2021இல் சேர்ந்தது கள்ளக்குறிச்சி மரச்சிற்பம். கள்ளக்குறிச்சி, சின்னசேலம், திருக்கோவிலூர் வட்டங்களில் செதுக்கப்படும் சாமி சிலைகள், வாகனங்கள், கதவு வேலைப்பாடுகள். மதுரைப் பக்கத்துக் கோயில் வேலைகளிலிருந்து பிரிந்து வந்த கைத்திறன் இது என்று சொல்வார்கள். வாகையும் தேக்கும் கையில் எடுத்து, அளவு பார்த்து, உளி பிடிக்கும் தச்சருக்கு ஷாம்பேன் கலவரத்தைப் பற்றித் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஆனால் இன்னொருவர் வெளியூரில் இயந்திரத்தில் வெட்டிய பொம்மையைக் கள்ளக்குறிச்சிச் சிற்பம் என்று விற்றால் ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டுவரை சிறை என்ற விதி, அந்தக் கலவரத்தின் பேரப்பிள்ளைதான். கணினி இயக்கும் உளி மரத்தில் ஒரே இரவில் நூறு விநாயகரைச் செதுக்கும் காலத்தில், விதியைத் தூக்கிக்கொண்டு கடை கடையாக யார் போவது என்பது தனிக் கேள்வி.

கள்ளக்குறிச்சியையும் மதுவையும் சேர்த்து எழுதிவிட்டு 2024 ஜூனைத் தாண்டிப் போக முடியாது. கருணாபுரத்தில் பொட்டலச் சாராயம் குடித்து 60க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கலந்திருந்தது மெத்தனால். துட்டன்காமன் ஜாடியில்கூட இருந்த விவரம் அந்தப் பிளாஸ்டிக் பொட்டலத்தில் இல்லை. எங்கே செய்தது, யார் செய்தது, எப்போது செய்தது என்ற மூன்றையும் இறந்தவர்கள் அறிந்திருக்க வழி கிடையாது.

கள்ளக்குறிச்சியை அடுத்த கல்வராயன் மலையின் பெயரும் செய்தித்தாள்களில் சாராய ஊறல் அழிப்போடு சேர்ந்தே வந்து பழகிவிட்டது. மலையில் விளைவதோ சாமை, தினை, புளி, கடுக்காய், தேன். எல்லாவற்றையும்விடக் கண்ணில் படுவது குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி. தென்னமெரிக்காவில் பிறந்த கிழங்கு இது. போர்ச்சுக்கீசியர் வழியாக இந்தியாவுக்கு வந்து, திருவிதாங்கூரில் பரவி, சேலம் பக்கம் ஏறியது. இரண்டாம் உலகப்போரில் மலாயாவிலிருந்து வந்துகொண்டிருந்த அசல் ஜவ்வரிசி நின்றுபோனது; அது சேகோ என்ற பனைவகை மரத்தின் சோற்றிலிருந்து செய்வது. 1943 வாக்கில் சேலத்தில் மரவள்ளி மாவை உருட்டி அதே மாதிரி மணி செய்து பார்த்தார்கள். நகல் எடுபட்டது. அசலை இன்று நம்மில் பலர் பார்த்தது கிடையாது. 2023இல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. இப்போது அதில் மக்காச்சோள மாவைக் கலப்பதாக ஜவ்வரிசிக்காரர்கள் புகார் சொல்கிறார்கள். கேட்டோ கேட்டிருந்தால் ரசித்திருப்பார்.

கல்வராயன் மலையின் வெள்ளிமலைப் பக்கம் தோண்டிய கிழங்கு லாரியேறி ஆத்தூர், சின்னசேலம் சேகோ ஆலைகளுக்கு இறங்குகிறது. மூட்டையில் மலையின் பெயர் ஏறுவதில்லை. ஆலை வாசலில் மாதிரிக் கிழங்கை எடுத்து நீரில் எடைபோட்டு மாவுச்சத்து எத்தனை பாயின்ட் என்று பார்க்கிறார்கள். ஒயினுக்கும் பாயின்ட் உண்டு. அமெரிக்க விமர்சகர் ராபர்ட் பார்க்கர் 1978 முதல் நூற்றுக்கு இத்தனை என்று மதிப்பெண் போட்டு, ஒரு தோட்டத்தின் விலையை ஒரே இரவில் ஏற்றவும் இறக்கவும் செய்தார். மோன்ராஷேக்கு 95 பாயின்ட் விழுந்தாலும் 90 விழுந்தாலும் தாளில் வயலின் பெயர் நிற்கும். கல்வராயன் கிழங்குக்கு பாயின்ட் மட்டும்தான். அது குறைந்தால் டன்னுக்கு இவ்வளவு என்று பிடித்துக்கொண்டு மிச்சத்தைக் கொடுப்பார்கள்.